ஃபேன் கிளட்சுக்கு வெல்டு வைக்காதீர்கள்

"ஆயில் போயிட்டு அண்ணாச்சி, வெல்டு வச்சு விட்டுருவோம். பொறவு ஹீட் தொந்தரவே இருக்காது." கல், எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளா போய்வரும் லாரிக்காரர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேனை எஞ்சினோடு இணைக்கும் விஸ்கஸ் ஃபேன் கிளட்ச் நழுவுகிறது, புதிதுக்கு விலை அதிகம், வெல்டுக்கோ சில நூறு ரூபாய். வெல்டு வைத்தால் கிளட்சின் இரண்டு பக்கமும் ஒட்டிப்போய், எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஃபேன் அதே வேகத்தில் சுற்றும். அன்றைக்கு ஹீட் அடங்கிவிடும், அது உண்மைதான். அதற்குப் பிறகு வண்டி கொடுக்கிற விலையைத்தான் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஃபேனுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு கிளட்ச் எதற்கு? ஃபேன் இழுக்கும் காற்று, அது சுற்றும் வேகத்துக்கு ஏற்பக் கூடும். ஆனால் அதைச் சுற்ற எஞ்சின் கொடுக்கும் திறன் அப்படிக் கூடுவதில்லை. வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு வேண்டும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்கு போதும். நிமிடத்துக்கு 2400 சுற்றில் 8 கிலோவாட் தின்கிற ஒரு ஃபேனை எடுத்துக்கொள்ளுங்கள். 1600 சுற்றில் நான்குவழிச் சாலையில் ஓடும்போது, வெல்டு வைத்த ஃபேன் சுமார் 2.4 கிலோவாட் இழுக்கும். கிளட்ச் பிடியை விட்டு ஃபேன் கால்வாசி வேகத்தில் மட்டும் சுற்றினால், நழுவலில் வீணாவதையும் சேர்த்து 0.15 கிலோவாட்தான். வித்தியாசம் மணிக்கு அரை லிட்டர் டீசலுக்குச் சற்று மேல். எட்டு மணி நேரம் ஓட்டினால் நாலரை லிட்டர். அதுவும் நாங்குநேரி, கயத்தாறு என்று சமவெளியில், எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைக்கும் இடத்தில், ஒன்றுக்கும் உதவாத காற்றுக்காக.

ஃபேன் நிஜமாகவே வேண்டியது புளியரை எஸ் வளைவு மாதிரி இடத்தில். முழு லோடு, இரண்டாம் கியர், எஞ்சின் 2000 சுற்றில் உறும, வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர்கூடப் போகாது. எஞ்சின் கக்கும் சூடு உச்சத்தில் இருக்கும், முன்னாலிருந்து வரும் காற்றோ இல்லை. அந்த இருபது முப்பது நிமிடத்துக்குத்தான் ஃபேன் முழு வேகத்தில் சுற்ற வேண்டும். எப்போது சுற்றுவது, எப்போது ஓய்வது என்பதை முடிவு செய்வதுதான் கிளட்சின் வேலை. வெல்டு வைப்பது அந்த முடிவெடுக்கும் உறுப்பைக் கொல்வது.

உள்ளே நடப்பது இதுதான். கிளட்சின் முகப்பில் ஒரு பைமெட்டல் (இரண்டு உலோகம் ஒட்டிய) சுருளோ பட்டையோ இருக்கும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சுமார் 60 முதல் 70 டிகிரியை எட்டும்போது, அது முறுகி உள்ளே ஒரு சிறு வால்வைத் திறக்கும். தனி அறையில் இருக்கும் சிலிகான் ஆயில், வளையம் வளையமாக வெட்டிய வரிப்பள்ளங்களுக்கு நடுவில் பாயும். எஞ்சின் பக்கத் தட்டும் ஃபேன் பக்க உடம்பும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் இருக்கும் அந்தக் கெட்டி ஆயிலின் இழுவைதான் ஃபேனைச் சுற்றுகிறது. ஆயில் மொத்தமே சில பத்து மில்லிதான். அதனால்தான் ஓரத்தில் லேசாகக் கசிந்தாலும் கிளட்ச் செத்துப்போகிறது. காற்று ஆறினால் வால்வு மூடும், ஆயில் மறுபடி தன் அறைக்குத் திரும்பும்.

வேலை செய்யும் கிளட்ச்கூட முழுதாகப் பிடிக்காது, கொஞ்சம் நழுவிக்கொண்டேதான் இருக்கும். நழுவுகிற இடத்தில் திறன் சூடாக மாறும். எப்போது அதிகச் சூடு தெரியுமா? முழுதாக விட்டபோதும் இல்லை, நன்றாகப் பிடித்தபோதும் இல்லை. எஞ்சின் பக்கத்து வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஃபேன் சுற்றும்போதுதான். நேரடியாகச் சுற்றினால் ஃபேன் எவ்வளவு தின்னுமோ அதில் சுமார் 15 சதவீதம் அந்தச் சின்ன உடம்புக்குள் சூடாகிறது. 8 கிலோவாட் கணக்குக்கு 1.2 கிலோவாட், ஒரு இஸ்திரிப் பெட்டி. கிளட்சின் அலுமினிய உடம்பில் வரிசையாக விரல் மாதிரி இதழ்கள் வைத்திருப்பது அந்தச் சூட்டை வெளியேற்றத்தான். எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அந்த இதழ் இடைவெளிகளை அடைத்துக்கொண்டால், உள்ளே சிலிகான் ஆயில் வெந்து களியாகிவிடும். பிறகு ஃபேன் ஒன்று விடாமல் சுற்றும், அல்லது பிடிக்கவே பிடிக்காது.

கிளட்சைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் வைத்த பிறகுதான் கையைக் கொடுக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஃபேனைக் கையால் வேகமாகத் தட்டிவிடுங்கள். தேனுக்குள் சுற்றுவது போல ஒரு தடை தெரிய வேண்டும், ஒரு சுற்றுக்குள் நின்றுவிட வேண்டும். நான்கு ஐந்து சுற்று லேசாக ஓடினால் ஆயில் போய்விட்டது. கொஞ்சமும் அசையாமல் கட்டையாக நின்றால் உள்ளே பிடித்துக்கொண்டது. பிறகு ஓட்டிச் சூடான வண்டியை நிறுத்தி அதே மாதிரி பாருங்கள், தடை முன்னைவிடக் கூடியிருக்க வேண்டும். ஃபேன் இதழின் நுனியை முன்னும் பின்னும் ஆட்டிப்பாருங்கள். 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. நடுவிலிருந்து வெளியே ஆரம் மாதிரி கறுப்புக் கோடு ஓடியிருந்தால் அது சிலிகான் ஆயில் கசிந்த தடம், அதில் புழுதி ஒட்டிக்கொண்டிருக்கும்.

காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒன்றிரண்டு நிமிடம் 'ஹோ'வென்று இரைச்சல் கேட்டு அடங்கினால் பயப்பட வேண்டாம். இரவில் ஆயில் வரிப்பள்ளங்களுக்குள் இறங்கியிருக்கும், அது தன் அறைக்குத் திரும்புகிற வரைக்கும் ஃபேன் வேகமாகச் சுற்றும். அந்தச் சத்தமே கிளட்ச் உயிரோடு இருப்பதற்கு அடையாளம். ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் ஏறி, திடீரென்று இரைச்சல் வந்து, முள் இறங்கி, இரைச்சல் நிற்பதும் அப்படித்தான். இதைக் கேட்டு 'ஏதோ உடைஞ்சிட்டு' என்று வண்டியை ஓரங்கட்டியவர்கள் நிறையப் பேர்.

இனி, கிளட்சின் மேல் அநியாயமாகப் பழி விழும் இடம். அது தண்ணீரின் சூட்டை அறிவதில்லை, ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் சூட்டைத்தான் அறிகிறது. போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்துவிட்டால், சூடு காற்றுக்குப் போகாது. எஞ்சின் கொதிக்கும், பின்னால் வரும் காற்று இதமாகவே இருக்கும், கிளட்ச் பிடிக்காது. சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டாலும் இதே கதை. அந்த நேரம் வெல்டு வைத்தால் நோய் ரேடியேட்டரில், அறுவை கிளட்சில். எனவே கிளட்சைக் கழற்றும் முன் ஒரு அட்டையால் ரேடியேட்டரின் முகத்தைப் பாதி மறைத்து, எஞ்சினை 1500 சுற்றில் வைத்து, முள் 95 டிகிரிக்குப் போகும்போது ஃபேன் இரைகிறதா என்று கேளுங்கள். முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, அதற்குமேல் ஏறினால் அட்டையை உடனே எடுத்துவிட வேண்டும். இரைந்தால் கிளட்ச் நல்லது, கோளாறு வேறிடத்தில். கூடவே ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தையும் பாருங்கள். மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போன மூடியில் 100 டிகிரிக்கே குமுறும்.

ஃபேனைச் சுற்றி நிற்கும் ஷ்ரவுட் என்கிற கூண்டையும் கவனிப்பாரில்லை. ஃபேன் இதழின் அகலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு கூண்டுக்குள் இருக்க வேண்டும். உடைந்த கூண்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால், ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் நுனியைச் சுற்றிச் சுற்றி அதே சூட்டுக் காற்றையே அரைக்கும். லாரியில் எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் ஆடும், ரேடியேட்டர் சேசிஸில் நிற்கும். ஆகவே இதழ் நுனிக்கும் கூண்டுக்கும் 15 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். அதற்குக் கூடினால் குளிர்ச்சி போகும், குறைந்தால் மவுண்ட் தேய்ந்த அன்று இதழ் கூண்டில் மோதும். ஃபேனைத் தலைகீழாக மாட்டுவதும் நடக்கிறது. காற்றின் திசை மாறாது, அதனால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. காற்றின் அளவு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும்.

நம் ஊர்க் காற்றையும் மறந்துவிடக் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்று ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள்ளும் செங்கோட்டைக் கணவாய்க்குள்ளும் மேற்கிலிருந்து கிழக்கே பாயும். செங்கோட்டையிலிருந்து ஏறும் லோடு வண்டிக்கு அது எதிர்காற்று, ரேடியேட்டருக்கு உதவி. ஆரல்வாய்மொழி தாண்டிக் காவல்கிணறு நோக்கி வரும் வண்டிக்குப் பின்காற்று. மணிக்கு 40 கிலோமீட்டரில் வண்டி போக, 40 கிலோமீட்டரில் காற்று பின்னால் தள்ளினால், ரேடியேட்டரின் முகத்துக்கு வரும் காற்று பூஜ்யம். சமவெளியிலும் ஃபேன் இரைவது அந்த நாட்களில் இயல்பு. வண்டி ஹீட்டாகி ஓரங்கட்டினால் முகப்பைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்துங்கள். தண்ணீர் கொட்டவில்லையென்றால் எஞ்சினை உடனே அணைக்காமல் 1000 சுற்றில் சில நிமிடம் ஓடவிடுங்கள். ஆவி பறந்து தண்ணீர் கொட்டுகிறதென்றால் மட்டும் உடனே அணையுங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

வெல்டு எல்லா வண்டிக்கும் ஒரே தீங்கு செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் பிசான நெல் அறுக்கும் இயந்திரத்துக்கும் டிராக்டருக்கும் ஃபேன் நேரடியாகப் பூட்டியே வருவது சகஜம். அது சரியான வடிவமைப்புதான். நாள் முழுக்க ஒரே லோடு, நடை வேகம், முன்காற்று கிடையாது. அங்கே எதிரி வைக்கோல் தூசிதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிக் காற்று அடித்துச் சல்லடையைத் துடைத்தாலே போதும். லாரி அப்படியல்ல. மேலேறும் நேரம் கொஞ்சம், ஓடும் நேரம் அதிகம். மலையிறக்கத்தில் கீழ் கியரில் எஞ்சின் பிரேக்கில் வரும்போது சுற்று ஏறும். வெல்டு வைத்த ஃபேன் அந்த வேகம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, இதழின் அடியில் விரிசல் விட ஆரம்பிக்கும். வாட்டர் பம்ப் தண்டில் ஃபேன் மாட்டியிருக்கும் எஞ்சினில் முதலில் சாவது பம்ப் பேரிங். வெல்டிங் செய்யும்போது எர்த் தள்ளி எங்கோ கொடுத்திருந்தால் கரண்ட் அந்தப் பேரிங் குண்டுகளின் வழியாகவே போயிருக்கும், குழி விழுந்திருக்கும்.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான வண்டிகளில் பலவற்றில் பைமெட்டல் சுருளே இல்லை. எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு வயர் வழியாகக் கிளட்சுக்குக் கட்டளை தருகிறது, ஃபேன் வேகத்தையும் அளக்கிறது. இதில் வெல்டு வைத்தால் பெட்டிக்குச் சொன்ன வேகமும் வருகிற வேகமும் பொருந்தாது, எச்சரிக்கை விளக்கு எரியும். பெரும்பாலும் கோளாறு கனெக்டரிலோ, ஃபேன் உரசி அறுத்த வயரிலோதான் இருக்கும். அதை முதலில் பாருங்கள்.

வழியில் மாட்டிக்கொண்டால், சில கிளட்சுகளில் போல்ட் போட்டு இறுக்கித் தற்காலிகமாகப் பூட்ட இடம் வைத்திருப்பார்கள். அடுத்த ஊர் வரை அது போதும், வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். ஏற்கெனவே வெல்டு வைத்த வண்டி என்றால், புதிது மாட்டும் அன்று பம்ப் பேரிங்கையும் ஃபேன் இதழ் அடிகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். பெல்ட் இரண்டு இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நட்டைக் கழற்றும்போது மரை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பல எஞ்சின்களில் இடது மரை. புதிய கிளட்சை வாங்கும்போது பழையதின் பகுதி எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு கிளட்ச் வேறு வேறு சூட்டில் பிடிக்கும். கடையிலும் வண்டியிலும் அதைப் படுக்க வைக்காமல், எஞ்சினில் நிற்பது போலவே நிறுத்தி வையுங்கள். எஞ்சின் பக்கம் கீழே இருக்கும்படி கிடந்தால் ஆயில் பேரிங் பக்கம் இறங்கி, மாட்டும் முன்பே கசிய ஆரம்பித்துவிடும்.