பூச்சிக்கு விளக்கின் மேல் ஆசை இல்லை

கோபிச்செட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தோட்டத்துல புதுசா வீடு கட்டியிருக்கறோமுங்க. பாம்புக்குப் பயந்து நாலு பக்கமும் 50 வாட் ஃபிளட் லைட்டு போட்டாச்சு. மழை பேஞ்சா ஈசலு கூட்டி மாளலைங்க. நிறுத்திப்போடலாம்னா, ஈசானி மூலையில விடிய விடிய விளக்கு எரியோணும்னு வாஸ்துக்காரர் சொல்றாரு. என்னங்க பண்றது?"

வயர், எர்த், மழைக்குத் தாங்கும் ஐபி 65 பெட்டி எல்லாம் உங்கள் எலக்ட்ரீஷியனுக்கே தெரியும். பூச்சிக்கு வருவோம்.

நிலவை வைத்துத் திசை பார்க்கும் பூச்சி பல்பை நிலவென்று ஏமாறுகிறது என்றுதான் பலரும் படித்திருப்போம். சூட்டைத் தேடி வருகிறது என்றும் சொல்வார்கள். 2024 ஜனவரியில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. கோஸ்டா ரிகா காட்டிலும் லண்டன் ஆய்வகத்திலும் அதிவேகக் கேமராக்களை வைத்துப் பூச்சிகளைப் படம்பிடித்தார்கள். விளக்கருகே வந்த பூச்சி அதை நோக்கிப் பாயவில்லை. குறுக்காகப் பறந்தது, முதுகை மட்டும் விளக்குப் பக்கம் திருப்பியது.

ஏன் முதுகு? வால்பாறை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு திரும்பும்போது பாட்டிலில் இருக்கும் தண்ணீரைப் பாருங்கள், ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கும். அந்த நேரத்தில் தண்ணீரைப் பொறுத்தவரை 'கீழே' என்பது தரை இல்லை. சட்டுசட்டென்று திரும்பிப் பறக்கும் பூச்சிக்குப் பறக்கும் நேரமெல்லாம் இந்த நிலைதான். உடம்பு உணரும் இழுப்பை நம்பி மேல் எது, கீழ் எது என்று அதனால் சொல்ல முடியாது. ஆனால் வானம் ஏமாற்றாது. நள்ளிரவிலும் தரையைவிட வானம் வெளிச்சமாகத்தான் இருக்கும். அதனால் வெளிச்சம் எங்கேயோ அங்கே முதுகு: கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஓடிய ஏற்பாடு.

இதற்கு நடுவே நாம் ஒரு பல்பை மாட்டினோம். பல்பு பக்கவாட்டில் இருந்தால், முதுகை அதற்குக் காட்டச் சாய்ந்த பூச்சி வளைந்து வளைந்து அதையே சுற்றும். பல்புக்குக் கீழே வந்தால் செங்குத்தாக ஏறி, வேகம் செத்து நிற்கும். மேலே கடந்தால் மல்லாந்து தலைகுப்புற விழும். வெளிச்சத்தைத் தரையில் விரித்தபோது பூச்சிகள் கவிழ்ந்தன. அதே வெளிச்சத்தைத் தலைக்கு மேல் வெள்ளைத் துணியில் பரப்பியபோது ஒழுங்காகப் பறந்து போயின! இந்த ஒரு சோதனைக்காகவே அவர்களுக்குக் கைகொடுக்கத் தோன்றுகிறது. விதிவிலக்கும் உண்டு: நம் அரளிச் செடியில் புழுவாக வளரும் பருந்து அந்துப்பூச்சி இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. தூரத்திலிருந்து பூச்சி எப்படி வந்து சேர்கிறது என்பதை இந்தக் கேமராக்கள் காட்டவில்லை. விளக்கருகே நடப்பதை மட்டுமே காட்டின.

"இதுக்கெல்லாமா காசு கொடுக்கறாங்க?" என்று கேட்பவர்கள் பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்குப் போகலாம். முதல் மழைக்குப் பின் காண்டாமிருக வண்டைப் பிடிக்க விளக்குப் பொறி வைக்கச் சொல்கிறார்கள். வண்டு எப்படி மாட்டுகிறது என்று தெரிந்தால் பொறியை இன்னும் நன்றாகச் செய்யலாம். இந்த ஆராய்ச்சி கோவையிலேயே நடந்திருக்க வேண்டியது என்பது என் ஆதங்கம்.

இனி உங்கள் வீடு. விளக்கு கீழ்நோக்கி இருக்கட்டும். பல்பு வெளியே தெரியாதபடி மூடி போடுங்கள். தென்னை மரத்தடியில் புதைத்து மேலே பார்க்க வைக்கும் ரிசார்ட் பாணி லைட் வேண்டவே வேண்டாம். கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேளுங்கள், 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்). வெள்ளை எல்இடி என்பது நீல ஒளிச் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு. 6500 கெல்வினில் நீலம் தூக்கலாக இருக்கும், பல பூச்சிகளின் கண்ணுக்கு நீலம் நன்றாகத் தெரியும்.

பாம்பு? விளக்கடிக்குப் பூச்சி வந்தால் தேரை வரும். தேரை, நல்லபாம்புக்குத் தீனி. போதாததற்கு, கண்ணில் அடிக்கும் ஃபிளட் லைட்டுக்குப் பின்னால் இருட்டு இன்னும் கனத்துவிடும். நடமாடும் இடத்தில் மட்டும் சென்சார் லைட் போடுங்கள். அது உடல்சூட்டின் அசைவைப் பார்த்து எரிவது. கட்டுத்தறிப் பக்கம் திருப்பினால் மாடு தலையாட்டும்போதெல்லாம் எரியும். பாம்புக்கு எரியும் என்று நம்பாதீர்கள், அதன் சூடு கிட்டத்தட்டத் தரையின் சூடுதான். கையில் டார்ச் வேண்டும்.

ஈசானி மூலையில் விளக்கு எரிந்தால்தான் குடும்பம் தழைக்கும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் உங்கள் வாஸ்துக்காரர் வாட் கணக்கு எதுவும் சொல்லவில்லையே. 3 வாட் வார்ம் ஒயிட் ஒன்றை மூடியோடு முழங்கால் உயரத்தில் கீழே பார்க்க மாட்டிவிடுங்கள். கழற்றிய ஃபிளட் லைட்டுகள் களத்தில் விசேஷம் வரும்போது ஆகும்.