டூர் லிஸ்ட்ல முதல்ல அடிபடுற பேருங்க

ஸ்கூல் டூர்னு சர்க்குலர் வந்ததும் ஸ்டாஃப் ரூம்ல எங்க போறதுங்கிற பேச்சுக்கு முன்னாடி யாரை கழட்டி விடுறதுங்கிற பேச்சு ஆரம்பிச்சிடும். அந்த பையன் வேணாம் சார் போன மாசம்தான் பெஞ்சை உடைச்சான், அந்தப் பொண்ணுக்கு அட்டெண்டன்ஸே இல்ல, அவன் எப்படியும் காசு கட்ட மாட்டான், இவன் மாவா (புகையிலை கலந்த பாக்கு) போடுறான் வழியில ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது... இப்படியே அடிச்சு அடிச்சு கடைசியில மிஞ்சுறது யாருன்னு பார்த்தா நல்லா படிக்கிற, வீட்ல கேட்டா காசு கிடைக்கிற, ஏற்கனவே அப்பா அம்மாவோட நாலு ஊர் பார்த்துட்டு வந்த பசங்க. அவங்க போகக்கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா அவங்களுக்கு அது இன்னொரு டூர், அவ்ளோதான்.

நான் வடசென்னையில பசங்களுக்கு ஆலோசனை சொல்ற கவுன்சிலர் (வார்டு கவுன்சிலர் இல்ல). வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு, எண்ணூர்னு இந்தப் பக்கம்தான் ஓடிட்டு இருக்கேன். படிப்பை பாதியில விட்டது, வீட்ல அப்பா குடி, அம்மா வீட்டு வேலைக்கு போறது, ஒரு தடவை ஏதோ அடிதடி கேஸ்ல பேர் வந்து வெளிய வந்தது, இப்படி பசங்கதான் என்கிட்ட வர்றாங்க. இத்தனை வருஷ வேலையில நான் உறுதியா சொல்றது ஒண்ணு. அந்த லிஸ்ட்ல அடிபடுற பேருங்கதான் முதல்ல பஸ் ஏறணும். அதுவும் காலையில போய் சாயங்காலம் வர்ற பிக்னிக்குக்கு இல்ல, குறைஞ்சது ரெண்டு ராத்திரி வெளியில தங்குறதுக்கு.

ஏன் ராத்திரின்னு கேட்டா, பகல்ல எல்லாரும் நடிக்கலாம். ஏரியாவுல இருக்கிற கெத்து, ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி காட்டுற சீன் எல்லாம் பகல் முழுக்க தாங்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல, கரண்ட் லைட் இல்லாத இடத்துல, பக்கத்துல படுத்திருக்கிறவன் யாருன்னு கூட தெரியாதப்போ அது தாங்காது.

ஏலகிரிக்கு கூட்டிட்டு போறது எங்களுக்கு வசதி. சாயங்காலம் ஏலகிரி எக்ஸ்பிரஸ் புடிச்சா ஜோலார்பேட்டை, அங்கிருந்து பஸ்ஸோ வேனோ. பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் புலவர் பேரு வள்ளல் பேருன்னு போர்டு இருக்கும், ஆனா எங்க பசங்க பாதி பேர் அஞ்சாவது வளைவுலயே ஜன்னல் பக்கம் தலையை தொங்கப் போட்டு வாந்தி எடுத்துட்டு இருப்பாங்க, அதுவரைக்கும் வண்டியில போட்ட கானா எல்லாம் அங்கயே நின்னுடும். (எலுமிச்சம்பழமும் கவரும் எடுத்துட்டு போங்க. இதை எந்த பயிற்சியிலயும் சொல்லித் தர மாட்டாங்க.) மேல ஆயிரத்து நூறு மீட்டர் சொச்சம் உயரம், ராத்திரி நல்லா குளிரும்.

முதல் ராத்திரி யாரும் தூங்க மாட்டாங்க. புளியந்தோப்புல ஹவுசிங் போர்டு வீட்ல ஒரே ரூம்ல ஆறு பேர் படுத்து வளர்ந்த பையன், பேசின் பிரிட்ஜ்ல ராத்திரி முழுக்க ரயில் ஷண்டிங் அடிக்கிற சத்தம், கீழ் வீட்டு டிவி, தெருவுல சண்டை, நாய் குரைக்கிறது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அவனுக்கு தாலாட்டு. திடீர்னு ஒண்ணும் இல்லைன்னா பயம் வருது. "மிஸ், இன்னா மிஸ் ஒரு சத்தமும் இல்ல, காது அடைச்சிக்கிச்சா"ன்னு ஒருத்தன் நிஜமாவே என்கிட்ட வந்து கேட்டான், ஏரியாவுல அவன் பேரைக் கேட்டாலே சின்னப் பசங்க ஒதுங்குவாங்க, அவன் பாத்ரூம் போறதுக்கு துணைக்கு ஆள் தேடிட்டு நின்னான். யாரும் சிரிக்கல. ஏன்னா மத்தவங்களுக்கும் துணை வேணும். அன்னைக்கு நாலஞ்சு பேரா டார்ச் புடிச்சிட்டு போனாங்க பாருங்க, அதுல ரெண்டு பேர் வேற வேற கேங், ஊர்ல ஒருத்தன் தெருவுக்குள்ள இன்னொருத்தன் கால் வைக்க முடியாது.

ரெண்டாவது ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் குறட்டை. இதுக்கு பின்னாடி விஷயம் இருக்கு. 2013ல அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல கென்னத் ரைட்னு ஒருத்தர் குழு, சில பேரை ஒரு வாரம் ராக்கி மலையில கேம்ப் போட வச்சாங்க, டார்ச் கூட கிடையாது, சூரிய வெளிச்சமும் ராத்திரி நெருப்பும் மட்டும்தான். அந்த ஒரு வாரத்துல அவங்க உடம்போட உள் கடிகாரம் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்துடுச்சு, தூக்கத்துக்கான மெலடோனின் சீக்கிரமே சுரக்க ஆரம்பிச்சிடுச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபோன் பார்த்துட்டு காலையில ஸ்கூலுக்கு வராம போற பையனை நாம சோம்பேறின்னு திட்டுறோம். ரெண்டு ராத்திரியில அதெல்லாம் மொத்தமா மாறிடாது, ஆனா நல்லா தூங்கி எழுந்தா எப்படி இருக்கும்னு அவன் உடம்புக்கு ஒரு தடவை தெரிஞ்சுடுது, அதுக்கப்புறம் தூக்கத்தைப் பத்தி அவன்கிட்ட பேசுறது சுலபம்.

பேசுறதுன்னதும் ஒண்ணு சொல்லணும். ரூம்ல எதிரெதிரா சேர் போட்டு உட்கார வச்சு "சொல்லுப்பா, என்ன பிரச்சனை"ன்னு கேட்டா எங்க பசங்களுக்கு அது ஸ்டேஷன்ல எஸ்ஐ விசாரிக்கிற மாதிரிதான் இருக்கும், வாயே திறக்க மாட்டாங்க. அதே பையன் ஏலகிரியில இருக்கிற சுவாமிமலை ஏறும்போது பக்கத்துல நடந்துட்டே, மூஞ்சை பார்க்காம, மூச்சு வாங்க வாங்க வீட்டுக் கதை பூரா சொல்லிடுவான். நான் கேள்வியே கேக்க மாட்டேன். தண்ணி பாட்டிலை மட்டும் நீட்டுவேன்.

இயற்கை, பச்சை, சுத்தமான காத்து இதெல்லாம் நல்லதுதான், நான் குறைச்சு சொல்லல. எண்ணூர் பசங்களுக்கு அது சாதாரண விஷயமும் இல்ல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து கழிமுகம் பூரா கருப்பாச்சு, அதே மாசக் கடைசியில ராத்திரி அம்மோனியா கசிஞ்சு குடும்பம் குடும்பமா துணி கூட எடுக்காம ஓடுனாங்க. வெளிக்காத்து அடிச்சா "ஜன்னலை சாத்துடா"ன்னு கேட்டு வளர்ந்த புள்ளைங்க அவங்க. அவங்களுக்கு மூச்சை நல்லா இழுத்து விடுறதே புதுசு. ஆனா வேடிக்கை பார்த்தா மட்டும் ஒருத்தன் மாற மாட்டான். அவன்கிட்ட ஒரு வேலையை நம்பி கொடுக்கணும், அந்த வேலையில தப்பு நடந்தா அது எல்லாரையும் பாதிக்கணும். நாற்பது பேருக்கு சோறு வடிக்கிற பொறுப்பை பெஞ்சை உடைச்ச பையன்கிட்ட கொடுங்க. ஆல்பர்ட் பண்டூராங்கிற உளவியலாளர் 1977லயே இதை எழுதி வச்சிட்டார், ஒருத்தனுக்கு தன்மேல நம்பிக்கை வர்றதுக்கு மத்தவங்க சொல்ற "உன்னால முடியும்"ங்கிறதை விட தானே ஒண்ணை செஞ்சு முடிச்சதுதான் பெரிய காரணம்னு. எங்க பசங்க "உன்னால முடியும்" பேச்சை காது புளிக்கிற அளவுக்கு கேட்டாச்சு, செஞ்சு முடிக்கிற சான்ஸ்தான் யாரும் தரல.

காசிமேட்டு பையன் ஒருத்தன், ஸ்கூல்ல அவனுக்கு மக்குன்னுதான் பேரு. மலையில டென்ட் அடிச்சிட்டு இருக்கும்போது நின்னு மூஞ்சை திருப்பி காத்து பார்த்தான், "மிஸ், வாசலை இந்தப் பக்கம் வைக்காதீங்க, காத்து மாறுது, தண்ணி உள்ள வரும்"னான். கொண்டல், வாடைன்னு அப்பாகூட போட்ல போய் கத்துக்கிட்டது. கேம்ப் ஆளு சிரிச்சாரு, மலைக்காத்து வேற கடல்காத்து வேற தம்பின்னாரு. ராத்திரி மழை வந்துச்சு. அவன் சொன்னதைக் கேட்டு திருப்பி வச்ச டென்ட் மட்டும் காஞ்சு இருந்துச்சு, மிச்சமெல்லாம் நனைஞ்சு எல்லாரும் அவன் டென்ட்ல வந்து நெருக்கி அடிச்சு உட்கார்ந்தாங்க. காலையில கேம்ப் ஆளு அவனை தனியா கூப்பிட்டு ஏதோ கேட்டுட்டு இருந்தாரு. அதிர்ஷ்டமா இருக்கலாம், அது எனக்கு முக்கியம் இல்ல.

இந்த யோசனை ஒண்ணும் புதுசு இல்லங்க. ஜெர்மனியில ரிச்சர்ட் ஷிர்மன்னு ஒரு வாத்தியார், சுரங்கமும் ஃபேக்டரியுமா இருந்த ஊர்ப் பசங்களுக்கு பாடம் எடுத்தவர், அவங்களை நாள் கணக்குல நடத்தியே கூட்டிட்டு போவாராம். தங்க இடம் இல்லாம கஷ்டப்பட்டுத்தான் யூத் ஹாஸ்டல்ங்கிற (ஊர் சுத்துற இளைஞர்கள் கம்மி காசுல தங்குற இடம்) யோசனையே வந்துச்சு, 1912ல ஆல்டேனா கோட்டையில முதல் நிரந்தர ஹாஸ்டல் திறந்தாங்க. 1930ல இங்கிலாந்துலயும் யூத் ஹாஸ்டல் சங்கம் ஆரம்பிச்சாங்க. அங்க புகை புடிச்ச ஊர்ப் பசங்களுக்காக வந்த விஷயம், நம்ம ஊர்ல மணலி எண்ணூர் பசங்களை விட்டுட்டு மத்தவங்களுக்கு போய் சேருது.

வியாசர்பாடி பசங்க கிட்ட கேட்டா தெரியும், வேலைக்கு போற இடத்துல 600039னு பின்கோடு சொல்ல யோசிப்பாங்க, அட்ரஸ்ல பெரம்பூர்னு போட்டுப்பாங்க. மலை மேல டீக்கடைக்காரருக்கு அந்தப் பேரெல்லாம் ஒண்ணும் தெரியாது. "மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கீங்களா தம்பி, உட்காருங்க"ன்னு சொன்னாரு. அந்த 'உட்காருங்க'வை எங்க பசங்க திரும்பி வர்ற வரைக்கும் பேசிட்டு வந்தாங்க, ஏன்னா அவங்களை யாரும் வாங்க போங்கன்னு கூப்பிட்டதில்ல.

பொண்ணுங்க விஷயம் தனி. "இன்னா மேடம், வயசுக்கு வந்த பொண்ணை ராத்திரி வெளிய அனுப்ப சொல்றீங்க, நாளைக்கு ஒண்ணுன்னா நாலு பேரு என்ன கேப்பாங்க"ன்னு அம்மாக்கள் கேக்குறது நியாயம். பயப்படாதீங்கன்னு சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல. ரெண்டு அம்மாக்களை கூடவே கூட்டிட்டு போங்க, அதுதான் வேலை செய்யும். விடியக்காலை மூணு மணிக்கு மீன் எடுக்க ஓடுற ஒரு அம்மா, கேம்ப்ல ஏழு மணி வரைக்கும் தூங்கிட்டு, எழுந்ததும் யாரோ திட்டப் போறாங்கன்னு பதறி வெளிய வந்தாங்க, பொண்ணு டீ கொண்டு வந்து கையில கொடுத்துச்சு. அடுத்த முறை தெருவுல அனுமதி வாங்குற வேலையை அந்த அம்மாவே பார்த்துக்கிட்டாங்க. பீரியட்ஸ் வந்தா என்ன பண்றதுங்கிறதை கிளம்புறதுக்கு முன்னாடியே பேசுங்க, நாப்கினும் வலி மாத்திரையும் பெண் ஸ்டாஃப் கையில இருக்கட்டும், பாதி பொண்ணுங்க வரலைன்னு சொல்றதுக்கு காரணம் இதுதான், வாய் விட்டு சொல்ல மாட்டாங்க.

கூட்டிட்டு போறவங்களுக்கு சில விஷயம் சொல்லியே ஆகணும். மாவா, போதை பாக்கு போடுற பையனுக்கு முதல் நாள் தலைவலி வரும், எரிச்சல் வரும், சாப்பாடு தட்டை தள்ளி விடுவான். அது திமிரு இல்ல, உடம்பு நிகோட்டின் கேக்குது. அடிச்சு பேசாம தண்ணி கொடுத்து வேலை கொடுங்க, ரெண்டு மூணு நாள் வரைக்கும் அது கூடவே செய்யும், அதுக்கப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா தணியும். போதை மாத்திரை, குடின்னு தினம் எடுத்துட்டு இருந்தவன்னா டாக்டர்கிட்ட காட்டாம மலைக்கு கூட்டிட்டு போகவே கூடாது, திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம். வீசிங் இருக்கிற பசங்க எங்க பக்கம் ஜாஸ்தி, இன்ஹேலர் பையில இருக்கான்னு பஸ் ஏறும்போதே கையில எடுத்து பாருங்க. இன்னொண்ணு தண்ணி. கடல்ல குதிச்சு வளர்ந்த பையன் ஏரி, கல்குவாரி, அருவி எல்லாம் அப்படித்தான்னு நினைப்பான். உப்புத் தண்ணி தூக்கிக் காட்டுற அளவுக்கு நல்ல தண்ணி உடம்பை தூக்காது, அடியில சேறும் பாறையும் கண்ணுக்கு தெரியாது. நீச்சல் தெரிஞ்சவன் மேலதான் ரெண்டு கண்ணு அதிகமா வைக்கணும். பெரியவங்க யாரும் ஒரு பிள்ளையோட தனியா ரூம்ல இருக்கக்கூடாது, இதுல எந்த விதிவிலக்கும் வேணாம், எவ்ளோ நல்லவரா இருந்தாலும்.

அப்புறம் பேனர். ஸ்பான்சர் கொடுத்தவங்க "ஏழை மாணவர்களுக்கு இன்பச் சுற்றுலா"ன்னு அடிச்சு பஸ் முன்னாடி கட்டிட்டு வந்தாங்க ஒரு தடவை, எல்லாருக்கும் ஒரே டீசர்ட், சாப்பிடும்போதெல்லாம் ஃபோட்டோ. பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் டீசர்ட்டை திருப்பி போட்டுட்டு பஸ்ல கடைசி சீட்ல போய் உட்கார்ந்தான். ஊர் பேரை மறந்துட்டு ரெண்டு நாள் இருக்கலாம்னு கூட்டிட்டு போறோம், அதை நெத்தியில எழுதி ஒட்டினா எதுக்கு போறது.

திரும்பி வந்த மூணாவது நாலாவது நாள்தான் கஷ்டம். அதே ரூம், அதே சண்டை. பையன் வீட்ல தட்டை வீசுறான், பொண்ணு அழுதுட்டே இருக்கு, "டூர் போய் புள்ள கெட்டுப் போச்சு மேடம்"னு ஃபோன் வரும். இது வரும்னு பெத்தவங்க கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. வந்த வாரத்துக்குள்ள எல்லாரையும் ஒருதடவை கூட்டி உட்கார வைங்க, சோறு வடிச்சவனுக்கு ஏரியாவுல ஒரு நிகழ்ச்சியில திரும்ப சோறு வடிக்கிற பொறுப்பு கொடுங்க, இல்லைன்னா மலையில கிடைச்ச நம்பிக்கை மலையிலயே நின்னுடும். வீட்ல அடி உதை நடக்குதுன்னு நடையில யாராவது சொல்லியிருந்தா அதை வெறும் கதையா விட்டுடாதீங்க, குழந்தைங்களுக்கான உதவி எண் 1098க்கு சொல்லுங்க. மனசு ரொம்ப இறங்கிப் போனவங்களுக்கு அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

காசு எங்க இருந்து வரும்னு கேப்பீங்க. பிளஸ் ஒன்ல என்எஸ்எஸ் இருந்தா ஏழு நாள் கேம்ப் இருக்கு, என்சிசி இருக்கு, சாரணர் இயக்கம் இருக்கு. அதுல சேர்க்கும்போது அந்த லிஸ்டை தூக்கி ஓரமா போடுங்கன்னு உங்க ஸ்கூல்ல கேளுங்க. எதுவும் இல்லைன்னா பழவேற்காடு. கொருக்குப்பேட்டையில கும்மிடிப்பூண்டி யூனிட் (லோக்கல் ரயில்) ஏறி பொன்னேரியில இறங்கி பஸ், டிக்கெட் காசு பெரிசா ஆகாது. சிலிக்காவுக்கு அடுத்து நாட்டுலயே பெரிய உப்பங்கழி ஏரி நம்ம பக்கத்துலயே இருக்கு, குளிர்காலத்துல பூநாரை வரும், டச்சுக்காரங்க கல்லறை இருக்கு, ஆனா எங்க பசங்கள்ல பாதி பேர் எண்ணூரைத் தாண்டி வடக்க போனதே இல்ல. தங்குறதுக்கு தெரிஞ்சவங்க மூலமா ஒரு ஸ்கூலோ சர்ச் ஹாலோ கேட்டா கிடைக்கும், முறையா லெட்டர் வாங்கிக்கங்க.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் மழையை விட்டுடுங்க, பொங்கல் முடிஞ்சு கிளம்பினா பரீட்சைக்கும் இடைஞ்சல் இல்ல, பறவையும் இருக்கும். அதுக்கு நவம்பர்லயே வீடு வீடா பேச ஆரம்பிக்கணும், வேலைக்கு போற பையன்னா முதலாளிகிட்டயும் பேசணும், அவனோட ரெண்டு நாள் கூலியை யார் கொடுக்கிறதுன்னு அப்பவே முடிவு பண்ணிடுங்க. அப்புறம் ஷூ. செருப்பு போட்டுட்டு மலை ஏற முடியாது, ஷூ இல்லைன்னு வெளிய சொல்ல வெக்கப்பட்டு காய்ச்சல்னு நின்னுடுற பசங்க இருக்காங்க. ஆறுல இருந்து ஒன்பது சைஸ் வரைக்கும் நல்ல நிலையில பழைய ஷூ யார் வீட்லயாவது இருந்தா, துவைச்சு காய வச்சு, லேஸோட கொடுங்க.