கடலுக்கு முதுகு காட்டும் ஆறு

கினி நாட்டு மலைகளில் நைஜர் ஆறு பிறக்கும் இடத்திலிருந்து அட்லாண்டிக் கடல் ஏறக்குறைய 240 கி.மீ. தூரம்தான். ஆனால் ஆறு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வடகிழக்கே சகாராவை நோக்கிக் கிளம்பி, மாலியில் திம்புக்டு வரை போய், அப்புறம் தென்கிழக்கே வளைந்து, சுமார் 4,180 கி.மீ. சுற்றி, நைஜீரியாவில் அதே அட்லாண்டிக்கில் விழுகிறது.

ஏன் இப்படி? இது ஒரு காலத்தில் இரண்டு ஆறுகளாக இருந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மேல் ஆறு திம்புக்டு பக்கம் ஓர் ஏரியில் போய் முடிந்தது. அந்த ஏரி இன்று இல்லை. கீழ் ஆறு தனியாகத் தெற்கே கடலுக்கு ஓடியது. அது தன் தலைப்பகுதியை அரித்து அரித்துப் பின்னால் நகர்ந்து, கடைசியில் மேல் ஆற்றையே தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

மாலியின் தட்டையான சமவெளியில் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து தேங்குகிறது. ஏறக்குறைய பாதித் தண்ணீர் அங்கேயே ஆவியாகியும் நிலத்தில் ஊறியும் போய்விடும். வண்டலும் படிந்துவிடும். இதனால் வடக்கு நைஜீரியாவுக்கு ஆண்டில் இரண்டு வெள்ளம். முதலாவது, அக்கம்பக்கத்து மழையால் ஆகஸ்ட் வாக்கில் கலங்கலாக வரும் ‘வெள்ளை வெள்ளம்’. இரண்டாவது, கினியில் அதே பருவத்தில் பெய்த மழை. மாதக்கணக்கில் ஊர்ந்து, வண்டலை வழியில் இறக்கிவிட்டு, மழையே இல்லாத ஜனவரி வாக்கில் தெளிந்து வந்து சேரும். அதற்குப் பெயர் ‘கறுப்பு வெள்ளம்’.

இந்த வளைவு ஐரோப்பியர்களை நன்றாகவே குழப்பியது. ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதிலேயே சண்டை. 1796-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் மங்கோ பார்க் இன்றைய மாலியின் செகு ஊரில் நின்று, அது கிழக்கே ஓடுவதைக் கண்ணால் பார்த்தார். கரையில் வாழ்ந்தவர்களுக்கு அது செய்தியே அல்ல. சரி, எங்கே போய் முடிகிறது? நைல் என்றார்கள், பாலைவன ஏரி என்றார்கள். பார்க் காங்கோ என்று நம்பினார். அதைப் பார்த்துவிடலாம் என்று படகில் இறங்கியவர், 1806-இல் இன்றைய நைஜீரியாவின் புஸ்ஸா அருகே உயிரிழந்தார்.

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பியக் கப்பல்கள் அதன் கழிமுகத்தில் பல நூற்றாண்டுகளாக வியாபாரம் செய்துவந்தன. அலையாத்திக் காடுகளுக்குள் டஜன் கணக்கில் பிரிந்த அதன் கிளைகளைத் தனித்தனி ஆறுகள் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். 1830-இல் ஆங்கிலேயப் பயணிகளான ரிச்சர்ட் லேண்டரும் தம்பி ஜானும் புஸ்ஸாவிலிருந்து படகில் இறங்கிவந்து புதிரை முடித்தார்கள். அதுவும் வழியில் பிடிபட்டுக் கைதிகளாக. கழிமுகத்தில் உள்ள பிராஸ் ஊர்த் தலைவர் ‘கிங் பாய்’ என்பவர், பணயத்தொகை திரும்பக் கிடைக்கும் என்று நம்பி அவர்களை மீட்டு, தன் படகில் கடல்வரை கொண்டுவந்து சேர்த்தார்.