ஆணி அடிக்கும் முன்: சுவருக்குள் வயர் எந்த வழியாகப் போகிறது?

“ஹாலில் படம் மாட்ட வேண்டும். உள்ளே வயர் எங்கே போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஒழுங்காக வேலை செய்த வீடென்றால் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். நம் ஊர் கான்கிரீட் வீடுகளில், தளம் போடும் முன்பே கம்பிகளுக்கு நடுவில் பிவிசி பைப்பையும் ஃபேன் பாக்ஸையும் வைத்துவிடுவார்கள். அங்கிருந்து பைப் நேர் செங்குத்தாக ஸ்விட்ச் போர்டுக்கு இறங்கும். ஆகவே ஒவ்வொரு போர்டுக்கும், பிளக் பாயின்ட்டுக்கும், சுவர் விளக்குக்கும் நேர் மேலே தளம் வரை, நேர் கீழே தரை வரை, இரு பக்கமும் ஒரு சாண் சேர்த்து விட்டுவிடுங்கள். ஒரே மட்டத்தில் இரண்டு போர்டுகள் இருந்தால் அவற்றுக்கு இடைப்பட்ட பட்டையிலும் ஆணி வேண்டாம்.

ஏன் செங்குத்து? செங்கல் சுவர் பாரத்தைக் கீழ்நோக்கிக் கடத்துகிறது. பைப்புக்காகச் சுவரில் வெட்டும் பள்ளம்தான் காடி. செங்குத்துக் காடி அந்தப் பாதையோடு சேர்ந்து போகிறது. கிடைக்காடி அதை அறுக்கிறது. அதனால்தான் ஐஎஸ் 1905 என்ற இந்தியத் தரவிதி, பாரம் தாங்கும் சுவரில் செங்குத்துக் காடியின் ஆழத்தைச் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கோடும், கிடைக்காடியை ஆறில் ஒரு பங்கோடும் நிறுத்துகிறது. ஒன்பது அங்குலச் சுவர் சுமார் 230 மி.மீ. அதில் செங்குத்தாக 76 மி.மீ. வெட்டலாம், கிடையாக 38 மி.மீ.தான். பாரம் தாங்குவது நாலரை அங்குலச் சுவர் என்றால் அதில் காடியே வெட்டக் கூடாது!

சாய்வுக் காடி இரண்டு வகையிலும் தப்பு: பாரத்தின் பாதையையும் அறுக்கிறது, யூகிக்கவும் முடியாது. 3 மீட்டர் உயரமும் 4 மீட்டர் நீளமும் உள்ள சுவரில் மூலைக்கு மூலை குறுக்கே போனால், 7 மீட்டருக்குப் பதில் 5 மீட்டரில் வேலை முடிந்துவிடும். அந்த 2 மீட்டர் மிச்சத்துக்காக, பின்னால் அந்த வீட்டில் குடியிருக்கப்போகும் எவராலும் யூகிக்க முடியாத பாதையைப் புதைத்துவிடுகிறார்கள். போர்டைப் பார்த்தால் வழி தெரிய வேண்டும். மறைவு வயரிங்கின் முதல் பாதுகாப்பு அதுதான்.

பைப் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் கான்கிரீட் ஆணியைத் தடுக்காது. பூச்சு 12 முதல் 15 மி.மீ.; ஆணியோ அதைத் தாண்டித்தான் போகும். கரண்ட் வரும் ஃபேஸ் வயரையும் அது திரும்பும் நியூட்ரல் வயரையும் ஆணி சேர்த்துத் தொட்டால் ஷார்ட் ஆகி, கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் எம்சிபி ஸ்விட்ச் விழுந்துவிடும். ஆபத்து, ஃபேஸை மட்டும் தொடும்போதுதான். காய்ந்த செங்கல் கரண்டைக் கடத்தாததால் எதுவும் நடந்ததாகவே தெரியாது; ஆணியிலோ கரண்ட் காத்திருக்கும். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் காக்கும்போது, ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவர் அந்த ஆணியைத் தொட்டால்? உடலின் தடை 2000 ஓம் என்று வையுங்கள்: 230 வோல்ட்டில் 115 மில்லி ஆம்பியர். உயிர் போக இது போதும். 6 ஆம்பியர் எம்சிபிக்கோ இது ஐம்பதில் ஒரு பங்கு, அசையவே அசையாது.

இங்கேதான், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வருகிறது. அதனுள் ஒரு காந்த வளையம். ஃபேஸும் நியூட்ரலும் அதன் வழியே போகின்றன. போன கரண்ட் முழுவதும் திரும்பினால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆணி வழியே 30 மில்லி ஆம்பியர் வெளியேறினால் அந்தக் கணக்கு இடிக்கும். வளையத்தில் மிஞ்சிய புலம், அதைச் சுற்றிய மெல்லிய கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டும்.

அது மிகச் சிறியது. ஒரு ஸ்விட்ச்சை இழுத்துத் திறக்கும் வலு அதற்குக் கிடையாது. ஆனால் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை! உள்ளே ஒரு நிலைக்காந்தம், விறைத்து நிற்கும் ஸ்பிரிங்கைத் தன் பிடியில் வைத்திருக்கிறது. அந்தச் சிறு மின்னோட்டம் காந்தத்தின் பிடியைக் கண நேரம் தளர்த்தினால் போதும். மிச்ச வேலையை ஸ்பிரிங் முடித்துவிடும். அந்த ஸ்பிரிங்கை இறுக்கியது யார்? கைப்பிடியை மேலே தள்ளிய உங்கள் விரல். உயிரைக் காக்கும் விசையை நாமே என்றைக்கோ அதில் சேமித்து வைத்திருக்கிறோம். இவ்வகை ஆர்சிசிபிக்கு வேறு மின்சாரமே தேவையில்லை. இதைவிட அழகான பொறியமைப்பு வீட்டில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அது ஷாக்கையே தடுத்துவிடாது, 0.3 விநாடிக்குள் துண்டித்து, நேரத்தைத்தான் குறைக்கும். ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் இருந்தால் வளையத்துக்கு எதுவுமே தெரியாது. டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

“மாட்டியதிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது” என்று கழற்றிப்போடும் வீடுகள் உண்டு. பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனும் மெயின் லைனும் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்திருக்கும். ஒரு வழியே போன கரண்ட் வேறு வழியே திரும்பினால் வளையம் அதைக் கசிவாகத்தான் எடுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டருக்குத் தனி நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள், ஆர்சிசிபியைக் கழற்றாதீர்கள். எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸ் அக்னி மூலையில் இருக்கிறதா என்று பார்க்கும் அக்கறையை, அதனுள் ஆர்சிசிபி இருக்கிறதா என்பதிலும் காட்ட வேண்டும். கரண்டுக்குத் திசை கிடையாது. ஈரமும் தடையும்தான் அதற்குக் கணக்கு.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு: கட்டிங் மெஷினில் இரண்டு கோடு போட்டு, நடுவில் உளியால் எடுக்கச் சொல்லுங்கள். பைப் செங்கல் மட்டத்துக்கு உள்ளே அமர வேண்டும். மேலே கோழிவலை அடித்துப் பூசினால் விரிசல் எளிதில் விழாது. பூசுவதற்கு முந்தைய நாள், ஒவ்வொரு சுவரிலும் மூலையிலிருந்து பைப் வரை டேப்பைப் பிடித்துப் போட்டோ எடுங்கள். ஒரு பிரதியை டிபி கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.