ஓஎஸ் மாற்றினால் இண்டெக்ஸ் ஏன் கெடுகிறது?

பெரிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸிலிருந்து ரெட் ஹாட் 8-க்கோ 9-க்கோ மாற்ற வேண்டுமென்றால் பலரும் கையிலெடுப்பது ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன், அதாவது தரவுக் கோப்புகளின் மாற்றங்களை அப்படியே இன்னொரு சர்வருக்கு நகலெடுத்துக்கொண்டே இருக்கும் முறை. புது சர்வரில் ரெப்ளிகா எழுப்பி, அது பின்தங்காமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு ராத்திரியில் சுவிட்ச்ஓவர். டவுன்டைம் சில நிமிடம்தான், லாகில் ஒரு எரர்கூட வராது. வில்லங்கமே அதுதான்.

எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஓஎஸ்ஸின் ஜிலிப்சி நூலகத்திடம்தான் கேட்கிறது. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 அந்த விதிகளைப் பெருமளவு மாற்றிவிட்டது. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17, ரெட் ஹாட் 8, டெபியன் 10 இரண்டிலும் 2.28. உபுண்டுவில் 18.04-லிருந்து 20.04-க்குப் போகும்போது இந்தக் கோட்டைத் தாண்டுகிறீர்கள். சோதிப்பது எளிது: அமெரிக்க ஆங்கில யுடிஎஃப்-8 லொகேலில் (மொழி அமைப்பில்) ‘1-1’, ‘11’ என இரண்டு வரிகளை சார்ட் கமாண்டுக்குக் கொடுங்கள். பழைய சர்வரில் 11 முதலில் வரும், புதியதில் 1-1.

பழைய வரிசையில் கட்டிய பி-ட்ரீ இண்டெக்ஸை (மதிப்புகளை வரிசையாக வைத்துத் தேடலை வேகமாக்கும் கிளை அமைப்பை) ரெப்ளிகேஷன் அப்படியே புது சர்வருக்குக் கொண்டுவந்துவிடும். அங்கே புது விதிப்படி தேடும்போது தவறான கிளையில் இறங்கி, இருக்கும் வரியை இல்லை என்று சொல்லும். ஒரே மதிப்பு இருமுறை வராமல் காக்கும் யுனிக் இண்டெக்ஸில் இன்னும் மோசம்: ‘இல்லை’ என்று நம்பி அதே மதிப்பை மறுபடி உள்ளே விடும். அதன்பின் ரீஇண்டெக்ஸ் செய்தால், அதாவது இண்டெக்ஸை மறுபடி கட்டினால், டூப்ளிகேட் என்று நின்றுவிடும். எந்த வரியை அழிப்பது என்பதைத் தரவை அறிந்தவர்தான் சொல்ல முடியும். ஆகவே அப்ளிகேஷனைத் திறந்துவிடும் முன்பே ரீஇண்டெக்ஸ் முடிந்திருக்க வேண்டும்.

எல்லா இண்டெக்ஸையும் தொட வேண்டாம். இன்டிஜர், யுயுஐடி, டைம்ஸ்டாம்ப், ‘சி’ கொலேஷன் (எழுத்துகளை பைட் மதிப்பின்படி மட்டும் வரிசைப்படுத்தும் விதி) ஆகியவை பாதிக்கப்படுவதில்லை. டெக்ஸ்ட், வார்கேர் போன்ற எழுத்து வகை நெடுவரிசைகள் மேல் உள்ளவைதான் கணக்கு. எழுத்து ஒப்பீட்டை நிபந்தனையாகக் கொண்டு சில வரிகளுக்கு மட்டும் கட்டிய பார்ஷியல் இண்டெக்ஸைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எழுத்து வரிசைப்படி டேபிளைத் துண்டுகளாகப் பிரிக்கும் டெக்ஸ்ட் ரேஞ்ச் பார்ட்டிஷன் இருந்தால் வரிகளே தவறான பார்ட்டிஷனில் கிடக்கலாம். அதை ரீஇண்டெக்ஸ் சரிசெய்யாது, வரிகளை இடம் மாற்றத்தான் வேண்டும்.

எவை உடைந்திருக்கின்றன என்பதை இண்டெக்ஸைச் சரிபார்க்கும் ஆம்செக் எக்ஸ்டென்ஷன் ரெப்ளிகாவிலேயே காட்டும். ஆனால் பழைய சர்வரில் தரவு எழுதப்படுவது தொடரும்வரை அந்த முடிவு அந்த நேரத்துக்கு மட்டுமே செல்லும். டவுன்டைமில் ரீஇண்டெக்ஸ் செய்யும்போது கன்கரன்ட்லி (டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல் கட்டும் தெரிவு) தேவையில்லை. மெயின்டனன்ஸ் மெமரியையும் பேரலல் வொர்க்கர்களையும் உயர்த்தி, வெவ்வேறு டேபிள்களைத் தனித்தனி செஷன்களில் ஓட்டினால் வேகம் கிடைக்கும்.

அவ்வளவு டவுன்டைம் இல்லையென்றால், கோப்புகளுக்குப் பதில் வரி மாற்றங்களை அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன். இண்டெக்ஸ் புதிதாகவே கட்டப்படுவதால் இந்தச் சிக்கல் எழாது. பதிலுக்கு வேறு வேலைகள் உண்டு: பிரைமரி கீ இல்லாத டேபிளுக்கு ரெப்ளிகா ஐடென்டிட்டி (எந்த வரி என்று அடையாளம் காட்டும் அமைப்பு) வைக்காவிட்டால் அப்டேட்டும் டெலிட்டும் எரராகும், ஸ்கீமா மாற்றங்கள் போகாது, போஸ்ட்கிரெஸ் 18-ஆம் பதிப்புவரை சீக்வென்ஸ் (தானாக எண் தரும் கவுண்டர்) மதிப்புகளும் போகாது, புது சர்வருக்கு மாறும் கட்ஓவரின்போது அவற்றை நாமே முன்னே தள்ளி வைக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்பிலிருந்து, கொலேஷன் வெர்ஷன் (வரிசை விதியின் பதிப்பு எண்) பொருந்தவில்லை என்று தரவுத்தளத்தில் இணையும்போதே எச்சரிக்கை வரும். அதை அடக்க உடனே ரெஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன் ஓட்டுபவர்கள் உண்டு. அந்தக் கமாண்ட் பதிவில் உள்ள எண்ணை மட்டும் மாற்றும், இண்டெக்ஸைத் தொடாது. ரீஇண்டெக்ஸ் முடிந்த பிறகே அதை ஓட்டுங்கள்.