ரூப்னா பட்டிக்காட்டானா?

இங்கிலீஷ்ல Rube (ரூப்)னு வந்தா தமிழ்ல பட்டிக்காட்டான்னு எழுதிடலாமாங்கறதுதான் கேள்வி. பழைய அமெரிக்க பேஸ்பால் பத்தி படிச்சா ரூப் வாடெல், ரூப் மார்க்வார்ட், ரூப் ஃபாஸ்டர்னு ஒரே ரூப்பா வரும், இதுல ஒருத்தருக்கும் வீட்ல வச்ச பேர் அது இல்ல. ரூப்ங்கறது ரூபன்ங்கற பைபிள் பேரோட சுருக்கம், யாக்கோபுக்கு மூத்த பையன், நம்மூர் கிறிஸ்தவங்க வீட்லயும் இருக்கற பேர்தான். அங்க கிராமத்து ஆளுங்க நிறைய பேருக்கு இந்த மாதிரி பேரா இருக்கவும், டவுன்காரன் வாயில ரூப்னாலே வெகுளி, ஈஸியா ஏமாத்திடலாம்னு அர்த்தம் ஆயிடுச்சு. சர்க்கஸ்காரங்களுக்கு ஊர்க்காரங்களோட சண்டை வந்தா 'ஹே ரூப்!'னு கத்தித்தான் ஆள் சேர்ப்பாங்க.

தமிழ்ல சரியான சொல் பட்டிக்காட்டான். கிராமவாசின்னு போட்டா அந்த நக்கல் வராது.

ஆனா ஃபாஸ்டருக்கு அப்படி மொழிபெயர்த்தா காமெடி ஆயிடும். 1879ல டெக்சாஸ் கால்வெர்ட்ல பிறந்த ஆண்ட்ரூ ஃபாஸ்டர், வெள்ளைக்கார பிட்சர் (பந்து வீசறவர்) வாடெல்ல ஒரு மேட்ச்ல தோற்கடிச்சதால அவரோட பட்டப்பேரே இவருக்கு வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அதாவது ஜெயிச்சவன் தூக்கிட்டு வந்த பேரு. கறுப்பினத்தவங்கள மேஜர் லீக்ல, அதாவது அங்க இருக்கற பெரிய பேஸ்பால் லீக்ல, சேர்க்காத காலம் அது, அதனால கறுப்பினத்தவங்க டீம்லயே ஆடினார்: 1903ல கியூபன் எக்ஸ்-ஜயன்ட்ஸ், அப்புறம் ஃபிலடெல்ஃபியா ஜயன்ட்ஸ், 1907ல சிகாகோ லேலண்ட் ஜயன்ட்ஸ்னு போனார், 1911ல சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ்னு சொந்த டீமே ஆரம்பிச்சிட்டார். மேனேஜரா இவர் ஸ்டைலு பெரிய அடி இல்ல, பந்த மெல்ல தட்டி விடற பன்ட், பிட்சர் பந்து வீசற நேரத்துல நைசா அடுத்த பேஸுக்கு ஓடிடற 'பேஸ் திருட்டு', எதிர் டீமுக்கு என்ன நடக்குதுன்னே புரியாது.

அதைவிட பெரிய வேலை, பிப்ரவரி 1920ல கான்சாஸ் சிட்டி ஒய்எம்சிஏல மத்த டீம் ஓனருங்களையும் உக்கார வச்சு 8 டீமோட, கறுப்பினத்தவங்களுக்குன்னே நீக்ரோ நேஷனல் லீக் தொடங்கினது. லீக் தலைவரும் இவரே, ஒரு டீம் ஓனரும் இவரே, மேனேஜரும் இவரே, வசூல்ல 5 சதவீதம் வேற, முதல் 3 வருஷமும் இவர் டீம்தான் சாம்பியன், மத்தவங்க புலம்பாம என்ன செய்வாங்க! 1926ல மனநலம் பாதிச்சு கான்ககீ ஆஸ்பத்திரில சேர்த்தாங்க, 1930ல அங்கயே இறந்துட்டார். பேஸ்பால் ஜாம்பவான்களுக்கு மரியாதை செய்யற ஹால் ஆஃப் ஃபேம்ல இவர சேர்த்தது 1981லதான்.

அதனால திட்டா வந்தா பட்டிக்காட்டான்னு எழுதுங்க, ஆள் பேரோட வந்தா ரூப்னே விட்டுடுங்க. கார்ட்டூன் போட்ட ரூப் கோல்ட்பர்க் கேஸ் மட்டும் வேற, அவருக்கு நிஜமாவே பேர் ரூபன்.