கருமருந்து

கொழும்பு நாளிதழ்களில் ‘வெடிமருந்து’ என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் சுமக்கிறது. கல்லுடைக்கும் வெடி, தோட்டாவுக்குள் இருக்கும் தூள், வன்னியின் இடியன் துவக்கில் குழாய்வாயால் இட்டு இறுக்கும் தூள் எல்லாமே வெடிமருந்துதான். கடைசியாகச் சொன்னதற்குக் ‘கருமருந்து’ என்ற தனிப்பெயர் வேண்டும்.

சீன இரசவாதிகள் 9ஆம் நூற்றாண்டளவில் இதைக் கண்டார்கள். அவர்கள் இட்ட ‘ஹுவோ யாவோ’ என்ற பெயருக்கு நெருப்பு மருந்து என்று பொருள். சிங்களத்தில் ‘வெடி பெஹெத்’. பெஹெத் என்பதும் மருந்தே. துருக்கியரின் ‘துஃபெக்’ தமிழகத்தில் துப்பாக்கி என்றும் நம்மிடம் துவக்கு என்றும் வழங்குகிறது.

கருமருந்து ஒரு கலவை: வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்பது வழக்கமான விகிதம். வெடியுப்பு ஒட்சிசன் தருகிறது, கரி எரிகிறது, கந்தகம் எளிதில் பற்றவைக்கிறது. மணியின் பருமனை ‘எஃப்’ எழுத்துகளால் குறிப்பார்கள். எழுத்து கூடக் கூட மணி நுண்மையாகும், வேகமாகவும் எரியும். அரை அங்குல விட்டமுள்ள வேட்டைத் துவக்குக்குப் பெரும்பாலும் இரண்டு எஃப், சிறிய குழாய்களுக்கும் கைத்துப்பாக்கிகளுக்கும் மூன்று எஃப். சக்கிமுக்கித் துவக்கின் வெளிக்கிண்ணத்தில் பொறி பிடிக்க நான்கு எஃப்.

கருமருந்துக்குப் பதிலாக இடும் பைரோடெக்ஸ், ட்ரிப்பிள் செவன் போன்ற தூள்களை ‘மாற்றுமருந்து’ எனலாம். கருமருந்துக்கு ஈடாக இவற்றை நிறையால் அளக்கக்கூடாது, கன அளவால் அளக்க வேண்டும். பற்றுவதற்கு அதிக வெப்பம் வேண்டியிருப்பதால் சக்கிமுக்கிப் பொறிக்கு இவை சரியாக மசிவதில்லை. அந்தத் துவக்குக்கு அசல் கருமருந்தே நல்லது. ட்ரிப்பிள் செவனில் கந்தகம் இல்லை, வேகம் கூடுதல். எது சுட்டாலும் குழாயை உடனே கழுவியாக வேண்டும்; கருமருந்தின் உப்புக்கசடு தண்ணீரில் கரையும், விட்டுவைத்தால் இரும்பை அரிக்கும்.

1884இல் போல் வியேல் பிரான்சில் உருவாக்கிய தூளின் வழிவந்தது ‘புகையில்லா மருந்து’. கருமருந்துக்கென்று செய்த குழாயில் இதை இட்டால் அழுத்தம் தாங்காமல் குழாயே சிதறும், சுடுபவரின் கையும் முகமும் போகும். காரீயம் (கிராஃபைட்) பூசிய இதன் மணிகளும் கறுப்பாகவே இருக்கும் என்பதால் நிறத்தை நம்ப முடியாது, புட்டியில் எழுதியிருப்பதையே நம்ப வேண்டும். ஆகவே கருமருந்து, மாற்றுமருந்து, புகையில்லா மருந்து என்று மூன்றாகப் பிரித்தே எழுதுங்கள். வெடிமருந்து என்பது மூன்றுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும்.